இடது கதவு

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய். இன்று வகுப்பில் ஒரு தப்பு. மூடியின் ஃப்ளாட் பேட்டர்னில் நாலு மடிப்புக் கோடுகளில் ஒன்றை வெட்டுக்கோட்டின் லேயரிலேயே விட்டுவிட்டேன். மெஷினுக்குப் போயிருந்தால் மடிய வேண்டிய இடத்தில் தகடு இரண்டாகப் போயிருக்கும். இனி சேமிப்பதற்கு முன் ஒவ்வொரு லேயரையும் அணைத்துப் பார்க்க வேண்டும்.

கோவிந்தராஜ் எழுதியதைப் படித்துப் பார்த்தான். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கோடு ஏன் விட்டுப்போனது என்பது அதில் இல்லை. கண் திரையில் இருந்த நேரத்தில் மனசு ப்ரீதியிடம் இருந்தது. காதல் என்று நினைத்துவிட வேண்டாம். காதலாக இருந்திருந்தால் அவனுக்குப் பசியாவது போயிருக்கும். இது சாப்பிட்டதும் செரிக்காத சங்கதி. அன்று மத்தியானம் ஆபீசில் ஒரு மூலை ஒட்டாமல் அவன் வெகுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ப்ரீதி கொய்யாப்பழம் கடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்றாள். "இங்க கொஞ்சம் வெட்டி விட்டுடுங்க, மடியறப்ப ரெண்டும் முட்டிக்காது" என்றாள். போய்விட்டாள். அவள் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் சாயங்காலம் வரைக்கும் அவனுக்குத் தொண்டையில் நின்றது.

வகுப்பு புனேயை ஒட்டிய பிம்ப்ரியில், ஃபர்ஸாண் என்கிற காரத் தின்பண்டங்கள் விற்கும் ஒரு கடையின் மாடியில். பகலில் எட்டு மணி நேரம் கோடு போட்டவர்கள், சாயங்காலம் பணம் கட்டி அதே கோட்டை முப்பரிமாணத்தில் போடக் கற்றுக்கொள்ள அங்கே வருவார்கள். கீழே சேவ் பொரிகிற வாசனை படிக்கட்டு ஏறி வந்து கீபோர்டில்கூட ஒட்டியிருக்கும். கோவிந்தராஜ் முதல் வரிசையில் உட்காருவான். சார் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வான். ஆங்கிலம் எழுத்தில் புரியும், பேச்சில் வழுக்கும். ஹிந்தி அதைவிட மோசம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் முடித்து வந்து இரண்டு வருஷம் ஆகியும், கடையில் பால் பாக்கெட் கேட்பதற்கு முன் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வான். வாயில் வராததையெல்லாம் ஒழுங்குமுறையில் பிடித்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. எதையும் மூன்று முறை சரிபார்ப்பான். மூன்றாவது முறை, பிரிண்ட் எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, கோட்டில் மடித்து, காகிதப் பெட்டியாகவே செய்து பார்த்துவிடுவான். அவன் மேஜை டிராயர் முழுக்க அப்படி மடித்த குட்டிப் பெட்டிகள்.

அவன் வேலை பார்த்த கம்பெனி மின்சார ஸ்விட்சுகள் வைக்கும் தகட்டுப் பெட்டிகள் செய்வது. ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் கிடைக்கும் வடிவம்தான் ஃப்ளாட் பேட்டர்ன். தகட்டில் அதை வெட்டி, மடிக்கிற இடங்களைப் படத்தில் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில், கோட்டால் காட்டிவிட்டால், கீழே ஷாப் என்கிற பட்டறையில், எல்லோருக்கும் சித்தப்பா முறையான ஷிண்டே காக்கா தன் மெஷினில் வைத்து மடித்துவிடுவார். பார்ப்பவன் பக்கம் மடிய வேண்டுமானால் முழுக்கோடு. எதிர்ப்பக்கம் மடிய வேண்டுமானால் விட்டுவிட்டுப் போகும் கோடு. அந்த ஆபீசில் எல்லோரும் பெட்டியை உள்ளேயிருந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டே வரைவார்கள். அதனால் எல்லாம் முழுக்கோடாகவே வரும். யார் வைத்த வழக்கம் என்று யாரும் கேட்டதில்லை.

ப்ரீதி சேர்ந்தது அந்த வருஷம் பிப்ரவரியில். ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவள் அப்பா. சொந்த ஊர் வேலூர் என்றாலும் புனேயில் வானவடியில் பிறந்து வளர்ந்தவள். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவாள். ஆங்கிலம், ஹிந்தி, மராத்தி மூன்றையும் தண்ணீர் குடிப்பது போலப் பேசுவாள். ஸ்கூட்டியில் வருவாள். மத்தியானம் மேலே உட்கார்ந்து சாப்பிடாமல், டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே ஷாப்புக்குப் போய், ஷிண்டே காக்காவின் பாக்ரி ரொட்டியில் பாதியைப் பிடுங்கித் தின்பாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மேலே வரும். கோவிந்தராஜ் தயிர்சாதத்தில் ஊறுகாயைப் பிசைந்துகொண்டே, அந்தச் சிரிப்பில் தன் பெயர் அடிபடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பான். ஒரு நாளும் அடிபட்டதில்லை. அதுவும் அவனுக்கு உறுத்தும்.

அறையில் கூட இருந்த விச்சு ஊர்க்காரன். டயர் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. இரவுச் சாப்பாட்டின்போது கோவிந்தராஜ் ப்ரீதி புராணம் பாடுவதைக் கேட்டுக்கேட்டு அவனுக்கு அலுத்துவிட்டது.

"ஏன்டா, உனக்கு அவ மேல ஆசையா, வவுத்தெரிச்சலா? ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணிக்கோ. ஆசையா இருந்தா நான் லெட்டர் எழுதித் தர்றேன். வவுத்தெரிச்சல்னா ஜெலுசில் வாங்கித் தர்றேன்."

"அவளுக்கு முறையா ஒண்ணுமே தெரியாதுடா. வாய்தான். வாய வெச்சே பொழைக்கறா."

"உனக்கு வாய் இல்ல, கைதான். கைய வெச்சு நீ பொழச்சுக்கோ. அவ உன் கையவா புடிச்சு இழுத்தா?"

இழுத்தாள் என்றுதான் கோவிந்தராஜுக்குப் பட்டது. ஏனென்றால் அந்த மாதம் கம்பெனிக்கு முப்பரிமாண மென்பொருள் வந்தது. விலை அதிகம் என்பதால் ஒரே ஒரு உரிமம், ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு நாற்காலி. யார் அதில் உட்காருகிறார்களோ அவர்கள்தான் இனி புதுப் பெட்டிகளை வடிவமைப்பது. மற்றவர் பழைய கம்ப்யூட்டரில் பழைய படங்களுக்கு அளவு திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் கோவிந்தராஜ் மாலை வகுப்பில் சேர்ந்ததே. ப்ரீதி எந்த வகுப்புக்கும் போகவில்லை. மாமா பையன் கொடுத்த சி.டி.யில் வீட்டிலேயே பழகினாளாம். அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாள்.

டிசைன் பிரிவுக்குப் பெரியவர் ராமநாதன். திருச்சிக்காரர், புனேக்கு வந்து கால் நூற்றாண்டு. மும்பையில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கக் கிளம்பும் அவசரத்தில் இருவரையும் கூப்பிட்டார்.

"மருந்துக் கம்பெனிக்கு இருபது பெட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒவ்வொண்ணுலயும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு அறை, ரெண்டு கதவு. இடது கதவு கோவிந்து, வலது கதவு ப்ரீதி. நான் திரும்பி வரதுக்குள்ள முடிச்சு வெட்டறதுக்கு அனுப்பிடுங்கோ. நான் இருக்க மாட்டேன், அதனால ஒருத்தர் டிராயிங்கை ஒருத்தர் செக் பண்ணி சைன் போட்டுக்கோங்கோ. புது சீட்டு யாருக்குன்னு இதைப் பாத்துட்டு முடிவு பண்றேன். தேக்லேங்கே, பாத்துக்கலாம்."

இரண்டு கதவும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இடது கதவுக்குக் கீல் இடப்பக்கம், வலது கதவுக்கு வலப்பக்கம். மேலே எட்டிப் பார்ப்பதற்கு ஒரு சதுர ஜன்னல். அவ்வளவுதான். கோவிந்தராஜ் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். காகிதத்தில் வெட்டி மடித்தான். அச்சான பக்கம் உள்ளே போக, அழகான குட்டி இடது கதவு கையில் வந்தது.

ப்ரீதியின் படம் பிரிண்டரில் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். எல்லா மடிப்பும் விட்டுக்கோடு. ஒரு முழுக்கோடுகூட இல்லை. தன் படத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். வெளியே மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வடிவமும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன. கீல் துளைமேல் கீல் துளை. ஜன்னல்மேல் ஜன்னல். இடதும் வலதும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? அவன் மூன்று முறை பார்த்துவிட்டான். ஆக, தப்பு அவள் பக்கம். கொய்யாப்பழம் கடித்துக்கொண்டே போட்டிருப்பாள். விட்டுக்கோட்டை ஷாப்பில் யார் கவனிக்கப் போகிறார்கள், பழக்கத்தில் தங்கள் பக்கம்தான் மடிப்பார்கள், அப்போது வருவது இன்னொரு இடது கதவு.

அவனுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. வெகுநாளாகத் தைத்திருந்த முள்ளை யாரோ பிடுங்கிவிட்ட மாதிரி. அந்தப் படத்தையும் வெட்டி மடித்துப் பார்த்திருக்கலாம். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கண்ணில் பட்ட பஸ் டிக்கெட்டைக்கூட மடித்துப் பார்க்கிறவன், அதை மட்டும் மடிக்கவில்லை. மடித்துப் பார்த்துச் சரியாக வந்துவிட்டால் இந்தக் குளிர்ச்சி போய்விடும் என்று அவனுக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது. 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரைத் தெளிவாக எழுதி, தேதியும் போட்டான்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள் ப்ரீதி. ரெயின்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளினாள்.

"கோவிந்த், உங்க லெஃப்ட் டோர் இருக்குல்ல, அது அந்தர்லேர்ந்து பாத்து போட்டீங்களா, பாஹர்லேர்ந்தா? உள்ளேயா, வெளியேயா?"

வந்துவிட்டாள், என்று நினைத்தான். சந்தேகம் வந்துவிட்டது. அவன் வாயிலிருந்து பிடுங்கி, ராத்திரியே திருத்தி, காலையில் ஒன்றும் நடக்காதது மாதிரி கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

"எப்பவும் போலத்தானுங்க."

"எப்பவும் போலன்னா? நான் இன்னும் சைன் பண்ணல, அதான் கேக்கறேன். ஏன்னா, அந்த ஷீட்ல..."

"நான் மூணு தடவ பாத்துட்டேனுங்க. உங்களுக்கு நம்பிக்கை இல்லீன்னா சைன் பண்ண வேண்டாம்."

"அரே, அப்படி இல்ல..."

"பஸ் வந்துருச்சுங்க."

அது அவன் பஸ் இல்லை. நிகடி போகும் பஸ். ஆனாலும் ஏறிவிட்டான். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் அங்கேயே நின்று, கைப்பிடியில் சொட்டும் தண்ணீரை விரலால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவன் படத்தில் அவள் கையெழுத்து இருந்தது. இரண்டு படமும் ஃப்ளாப்பியில் ஏறி, போசரியில் லேசர் வெட்டும் இடத்துக்குப் போயின.

வெட்டிய தகடுகள் திரும்பி வருவதற்குள் கணபதிப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலங்களில் தெருவெல்லாம் டோல் மேளப் பயிற்சி. கோவிந்தராஜ் அந்த அதிர்வை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நடந்தான். சோறு ருசித்தது. விச்சுவிடம் ப்ரீதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னடா, ஜெலுசில் வேல செஞ்சிருச்சா?" என்று விச்சு கேட்டபோதுகூடச் சிரித்தான்.

அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். ராமநாதன் முன்னால் போக, இருவரும் பின்னால் இறங்கினார்கள். இடப்பக்கம் கதவு மாட்டாத பெட்டி ஒன்று நடுவில் நின்றது. வலப்பக்கம் ஒரு கதவு ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. அது கச்சிதமாக, பளபளவென்று மூடியிருந்தது. ப்ரீதியின் கதவு. கோவிந்தராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எப்படி?

ஷிண்டே காக்கா இன்னொரு கதவை இரண்டு கையாலும் தூக்கி இடப்பக்கம் வைத்தார். கீல் நடுவில் வந்து நின்றது. பூட்டு வெளி ஓரத்துக்குப் போனது. "ஹே உல்டா ஜாலா", பக்கம் மாறிவிட்டது என்றார். பிறகு வலப்பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, கையிலிருந்ததை அங்கே வைத்தார். நகமும் சதையும் போல உட்கார்ந்தது.

புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. இதுவரை செய்ததெல்லாம் சாதா இரும்புத் தகடு. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. எந்த முகத்தை வெளியே வைத்து மடித்தாலும் கடைசியில் பெயின்ட் அடித்துவிடுவார்கள். இந்தத் தகடு அப்படியில்லை. ஒரு முகம் மட்டும் மெருகேற்றி, கீறாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை ஒட்டி வருகிறது. வெட்டும்போது உறை ஒட்டிய முகம் மேலே. அந்த முகம்தான் கதவின் வெளிப்பக்கம். ஆகவே வெளியேயிருந்து பார்த்துத்தான் வரைய வேண்டும். எல்லா மடிப்பும் எதிர்ப்பக்கம். எல்லாம் விட்டுக்கோடு. ப்ரீதி கீழே போய்த் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரைந்திருக்கிறாள். அவன் காகிதத்தை மடித்துப் பார்த்தான். காகிதம் இரண்டு பக்கமும் வெள்ளை.

முதல் கதவை அவன் படத்தில் இருந்தபடியே மடித்தபோது மெருகு முகம் உள்ளே போய்விட்டதாம். ஏதோ கைப்பிசகு என்று நினைத்து அதைக் கழிவில் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் மாற்றி மடித்திருக்கிறார் ஷிண்டே காக்கா. மெருகு வெளியே வந்தது. இடது, வலதாகிவிட்டது.

"இருபது பெட்டி, நாப்பது கதவு" என்றார் ராமநாதன். "எல்லாம் வலது. இடதுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாதா?" கையிலிருந்த இரண்டு படங்களையும் புரட்டினார். "கோவிந்து, அவளோடதை நீ கரெக்டா செக் பண்ணி சைன் போட்டிருக்கே. அதைப் பாத்தப்பவாவது உன்னோடது தப்புன்னு தோணியிருக்க வேண்டாமோ? சரி, நம்ம கண்ணு நம்ம தப்பைப் பாக்காது. அதுக்குத்தான் இன்னொருத்தர் சைன்." ப்ரீதி பக்கம் திரும்பினார். "நீ என்னத்தைப் பாத்துக் கையெழுத்துப் போட்டே? உன்னோடதை வெளிலேர்ந்து வரையத் தெரிஞ்சவளுக்கு இது தெரியலையா? இல்லே, தெரிஞ்சே விட்டியா?"

ப்ரீதி கோவிந்தராஜை ஒரு தடவை பார்த்தாள். ஒரு தடவைதான்.

"சரியா பாக்கல சார். மாஜி சூக்." தன் தப்பு என்று மராத்தியில் சொல்லிவிட்டு, குனிந்து, கதவு ஓரத்தில் பிரிந்துகொண்டிருந்த உறையை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"நாளை மத்தியானம் முதலாளி சேட்கிட்ட பேர் சொல்லணும். யாரைச் சொல்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ராமநாதன் படியேறினார்.

கோவிந்தராஜுக்குக் காதுமடல் சுட்டது. தெரிஞ்சே விட்டியா என்ற கேள்வி ஆள் மாறிப் போய்விட்டது. அவளைக் கவிழ்ப்பதற்காகப் போட்ட கையெழுத்துக்கு அவனுக்குப் பாராட்டு. அவனைக் கேட்டுவிட்டு, நம்பிப் போட்ட கையெழுத்துக்கு அவளுக்கு ஏச்சு. பேசாமல் இருந்தால் நாற்காலி இன்னும் பொதுவில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை மனசு தானாகப் போட்டு முடித்ததைப் பார்த்து அவனுக்கே கூசியது. கூச்சத்துக்கு அடியில் பழைய எரிச்சல் அப்படியே கிடந்தது. எவ்வளவு சுலபமாக எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அந்தச் சுலபமும் அவளுக்கே வாய்த்திருக்கிறது.

படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் நின்றாள்.

"கேட்டேன்ல, கோவிந்த்?"

"ஆமாங்க."

"நீங்க மூணு தடவை பாக்கற ஆளு. உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னு நினைச்சேன். ராத்திரி என்னோடதுலயே எனக்கு டவுட் வந்துடுச்சு, தெரியுமா?" ஒரு படி ஏறித் திரும்பி, "என் டிராயிங்க நெஜமா பாத்தீங்களா, இல்ல சும்மா சைன் போட்டீங்களா?" என்றாள்.

"பாத்தேனுங்க."

அதற்குமேல் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்து கேட்காமல் விட்டாள். கைப்பிடிச் சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போய்விட்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அவன் ஷாப் வழியாகப் போனான். கதவுகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே ஜன்னல், ஒரே பக்கம் கீல். எது அவளுடையது, எது தன்னுடையது என்று தேடினான். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஒரு வித்தியாசமும் அகப்படவில்லை. தெருவில் டோல் அடி தொடங்கியதும் வரிசையிலிருந்த தகடுகள் எல்லாம் ஒன்றாக லேசாக முனகின.

வகுப்பில் சார் இன்னும் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து டைரியைத் திறந்தான். கீழே எண்ணெயில் எதையோ போட்டார்கள், சோவென்று பொரிந்தது.

28 ஆகஸ்ட் 2003, வியாழன். இடது கதவை உள்பக்கமிருந்து பார்த்து வரைந்துவிட்டேன். தகட்டின் மெருகு முகத்தைக் கவனிக்கவில்லை.

பேனா அங்கே நின்றது. பக்கத்து நாற்காலிக்காரன் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டான். திரை நீலமாகி, வெள்ளையாகி, காலியான ஒரு தாளைக் காட்டியது. கோவிந்தராஜ் அடுத்த வரிக்குப் போனான்.

நாளை: இடது கதவை வெளிப்பக்கமிருந்து பார்த்து வரைய வேண்டும். எல்லாம் விட்டுக்கோடு. அதற்கு முன், காலையில் ராமநாதன் சார் வந்ததும், ப்ரீதி என்னிடம் கேட்டாள், நான் சொல்லவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.